கூட வந்தவர் வெளியே

வலிச் சிகிச்சைப் பிரிவில் புதிதாக நர்ஸ் வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். முதுகில் ஊசி போடும் முறையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நோயாளியை எப்படிக் கவிழ்த்துப் படுக்க வைப்பது, ஊசிக்குப் பிறகு கால் மரத்துப்போனால் எவ்வளவு நேரம் எழுந்திருக்க விடக்கூடாது என்பதெல்லாம் கொஞ்ச நாளில் உங்கள் கைக்கு வந்துவிடும். என் மகனுக்கு நம் பிரிவில் ஊசி போட்டபோது நடந்ததை எழுதுகிறேன். "எழுதிக்கோம்மா, பேர மட்டும் மாத்திடு" என்று அவனே சொல்லிவிட்டான். அதனால் இங்கே அவன் பெயர் தினேஷ்.

எக்ஸ்ரே பார்த்து ஊசி போடும் அறையில் ஈயக் கவசத்தைச் சுமந்து சுமந்து தோள்பட்டை போனதால் நான் விருப்ப ஓய்வு வாங்கிய சமயம் அது. தினேஷ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை செய்கிறான். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. இடுப்பில் ஆரம்பித்த வலி இடது கால் வழியாகக் கட்டைவிரல் வரைக்கும் இறங்கியது. "கரண்ட் இழுக்கிற மாதிரி கீதும்மா" என்பான். மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று. பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்ச் சுவரில் சாய்ந்து நிற்பான். நான் தட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதற்கு நடுவில் அவனுக்குக் கல்யாணம் பேசியிருந்தோம். மாங்காட்டுப் பெண், ரம்யா என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் வீட்டிலிருந்து போய்ப் பூ வைத்துவிட்டு வந்தோம். நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. இருவரும் போனில் பேசிக்கொள்வார்கள். மொட்டை மாடியில் அவன் சிரிப்புச் சத்தம் கேட்கும். வலி அதிகமானதும் அந்தச் சத்தம் நின்றது. வலியில் யாருக்குச் சிரிப்பு வரும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

நம் டாக்டரிடமே அழைத்துவந்தேன். எல்லாருக்கும் தெரிந்த இடம், எனக்கு டோக்கன்கூட வேண்டியதில்லை. டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார், தினேஷைப் படுக்க வைத்தார். "கட்டைவிரல மேல தூக்குங்க, நான் அழுத்துறேன், விட்டுடாதீங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நரம்பு கொஞ்சம் வீக்கா இருக்கு சிஸ்டர். ஊசி போட்டுப் பாக்கலாம்" என்றார். சரி டாக்டர் என்று நானே சொன்னேன். தினேஷுக்குக் கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று அவர் கேட்டார். "அவனுக்கு நான் வீட்ல எல்லாம் சொல்லிட்டேன் டாக்டர்" என்று அதற்கும் நானே பதில் சொன்னேன்.

ஊசியில் போகும் மருந்து ஸ்டீராய்டு என்றதும் ஜிம் பையன்கள் போட்டுக்கொள்வது என்று பயப்படுவார்களே, அதைத் தெளிவாக்கியிருந்தேன். ஊசி போட்ட அன்றே வலி போய்விடாது, சிலருக்கு முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் கூடவே செய்யும், முகம் சிவக்கும், தூக்கம் கெடும் என்று சொல்லியிருந்தேன். எல்லாருக்கும் கேட்காது, கேட்டாலும் நிரந்தரமில்லை, கிடைக்கிற அந்த நல்ல மாதங்களில் உடற்பயிற்சி செய்து முதுகைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லியிருந்தேன். ஒரு நர்ஸ் சொல்ல வேண்டியது எதையும் விடவில்லை.

ஊசி நன்றாகவே கேட்டது. அடுத்த வாரம் ஒரு காலை அவன் குனிந்து தானே ஷூ கயிற்றைக் கட்டினான். அதைப் பார்த்துவிட்டு நான் சமையலறைக்குள் போய் அழுதேன். என் கணவர் ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதற்கும் அசையாத மனிதர். அவரே பழைய சிநேகிதர்களுக்கெல்லாம் போன் போட்டு, "பையன் குனியிறான்" என்று சொன்னார். ஏதோ பரீட்சையில் பாஸானதுபோல.

அன்றைக்கு வேலையிலிருந்து வந்ததும் தினேஷ் சொன்னான்: "மாங்காட்டுக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடும்மா."

"என்னடா வேணாம்?"

"கல்யாணம்."

"ஏதாவது சண்டையா?"

"சண்டைலாம் ஒண்ணியும் இல்ல. அவ நல்ல பொண்ணு. அதான் சொல்றேன்."

"வலிதான் குறைஞ்சிடுச்சேடா. இப்ப எவ்ளோ இருக்கு, பத்துக்கு?"

"ரெண்டு. ஒண்ணுகூட இருக்கும். அத்த வுடு."

அந்தப் பதிலை நீங்கள் கவனிக்க வேண்டும். நாம் வேலை பார்க்கிற இடத்தில் பத்துக்கு இரண்டு என்றால் வெற்றி. எட்டிலிருந்து இரண்டுக்கு வந்தவரை வாசல்வரை போய் வழியனுப்பியிருக்கிறேன். வலி குறைந்தால் மனசும் லேசாகிவிடும் என்று நான் நம்பினேன். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். முகம் மாறும், பேச்சு கூடும், வீட்டில் கோபம் குறையும். என் பையன் விஷயத்தில் வலி போனது, முகம் அப்படியே இருந்தது. ஸ்டீராய்டு உள்ளே போனால் கொஞ்ச நாள் படபடப்பு இருக்கும், இதுவும் தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாங்காட்டுக்குப் போன் பண்ணவில்லை. அவர்கள் பண்ணியபோது, "பையனுக்கு ஷிப்ட் மாறியிருக்கு, அடுத்த வாரம் பேசலாம்" என்று சமாளித்தேன்.

நாள் போகப் போக அவன் மோசமானான். வேலைக்குப் போவான், வருவான், படுத்துக்கொள்வான். ரம்யாவின் அழைப்புகளை எடுப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கதவோரம் வந்து நின்றான்.

"இன்னும் சொல்லலியாம்மா அவங்களுக்கு?"

"காரணம் சொல்லுடா, சொல்றேன்."

"காரணம் இன்னா காரணம். நான் எதுக்கும் ஆவ மாட்டேன்மா. அவ்ளோதான்."

அடுப்பை அணைத்தேன். இந்த மாதிரி வாக்கியம் நோயாளி வாயிலிருந்து வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். என் மகனிடம் கேட்க நேரும் என்று நினைத்ததில்லை. இருந்தாலும் கேட்டேன்.

"செத்துப் போயிடலாம்னு தோணுதாடா?"

"அப்டிலாம் இல்லமா. ஆனா காலைல எதுக்கு எந்திரிக்கிறோம்னு கீது."

இது நடந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவன் பாத்ரூம் கதவைக் கொஞ்சம் அதிக நேரம் சாத்தி வைத்திருந்தால் இப்போதும் போய்த் தட்டுகிறேன். "குளிக்கிறேன்மா, முழுவிப் போவல" என்று உள்ளேயிருந்து கத்துவான். அந்தக் கத்தலைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

மறுநாள் காலையிலேயே அவனை நம் இடத்துக்கு அழைத்து வந்தேன். முன்கூட்டியே டாக்டரிடம் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உள்ளே டாக்டர், நான், தினேஷ், பதிவு எடுக்க ஓர் ஆண் நர்ஸ். அந்தத் தம்பி இப்போதும் உங்களோடு வேலை பார்க்கிறார். பெயரைச் சொன்னால் சங்கடப்படுவார். என்னிடம்தான் வேலை பழகினார்.

டாக்டர் தினேஷைக் கேட்டார், நான் பதில் சொன்னேன். தூக்கம் எப்படி? "தூங்குறதே இல்ல டாக்டர்." சாப்பாடு? "ஒண்ணரை தோசை." தினேஷ் என் கைப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போது அந்தத் தம்பி எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். காது நுனி சிவந்திருந்தது.

"சிஸ்டர், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"யாரு, நானா?"

"ஆமா சிஸ்டர். கூட வந்தவங்க வெளிய."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த அறையில் எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று இவருக்குக் காட்டியவளே நான். என் பையன் இப்படி உட்கார்ந்திருக்கும்போது என்னை எழுந்து போகச் சொல்கிறாரா? டாக்டரைப் பார்த்தேன். அவர் மேசை மேலிருந்த ஸ்கேன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாக்கியத்தைச் சொல்லும் துணிச்சல் அவருக்கே இல்லாமல்தான் இருந்திருக்கிறது.

அந்த வழக்கத்தை இங்கே கொண்டுவந்தவர் எனக்கு முன்னால் இருந்த தலைமை நர்ஸ். கண்டிப்பானவர். ஊசி போட்டவர்கள் திரும்ப வரும்போது, கூட வந்தவர் யாராக இருந்தாலும் ஐந்து நிமிடம் வெளியே அனுப்பிவிடுவார். ஒருமுறை பூந்தமல்லியிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். அவர் கணவர் துணிக்கடை வைத்திருந்தவர், அன்பான மனிதர். "அல்லா புண்ணியத்துல அவளுக்கு முக்காவாசி கொறஞ்சிடுச்சி" என்று அவரே சந்தோஷமாகச் சொன்னார். அவரை வெளியே அனுப்பியதும் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "வலி அப்படியேதாம்மா இருக்கு. கொறஞ்சிடுச்சின்னு சொன்னாத்தான் அவரு தூங்குறாரு." அன்றைக்கு அந்த அறையில் நானும் இருந்தேன். அதற்குப் பிறகு எத்தனை கணவர்களை, எத்தனை அம்மாக்களை நான் வெளியே அனுப்பியிருப்பேன். முறைத்தவர்கள் உண்டு. "பெத்தவ இருந்தா உனக்கு இன்னா நோவுது?" என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. அசைந்து கொடுத்ததில்லை.

அதே வாக்கியம் என் வாய்க்கும் வந்தது. பெத்தவ இருந்தால் என்ன. வந்ததை விழுங்கிக்கொண்டு எழுந்தேன். தினேஷ் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது நிம்மதி. அதைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தினேன்.

ஐந்து நிமிடம் வெகுநேரம் நீண்டது. வராந்தாவில் நின்றேன். உட்கார முடியவில்லை. உள்ளே யாரும் பேசுவது கேட்கவில்லை. துப்புரவு வேலை பார்க்கும் அம்மா மாப்பைப் பிழிந்துகொண்டே, "இன்னா சிஸ்டர், உன்னியே தொரத்திட்டாங்களா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். "நல்லா வேணும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனார். ஒருமுறை அவருக்குத் துணையாக வந்த மருமகளை நான் வெளியே அனுப்பிய கதை அவருக்கு மறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் அழுகிறான் என்று நினைத்துக் கதவின் கைப்பிடியைப் பிடித்துவிட்டேன். பிறகுதான் அது சிரிப்பு என்று புரிந்தது. ஒருவர் சிரிப்பு இல்லை. மூன்று பேருடையது. டாக்டர் சிரித்து நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை.

வெளியே வந்த தினேஷ் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு எனக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்று சொல்லி மாளாது. பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருக்கும்போது அவனே ஆரம்பித்தான், எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"டாக்டர் அன்னிக்கு 'நரம்பு வீக்'குனு சொன்னாரில்ல?"

"ஆமா."

"நரம்பு வீக்குன்னா இன்னான்னு ஊர்ல இருக்கிற எல்லா செவுத்துலயும் எழுதிக் கீதும்மா."

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. ரயில் நிலையச் சுவர், மேம்பாலத் தூண், கட்டணக் கழிப்பறைக் கதவு, எங்கே பார்த்தாலும் அதே விளம்பரம். நரம்புத் தளர்ச்சி, ஆண்களுக்கு மட்டும், ரகசியம் காக்கப்படும், கீழே ஒரு போன் நம்பர். டாக்டர் சொன்னது கால் கட்டைவிரலைத் தூக்கும் நரம்பை. இவன் வீட்டுக்குக் கொண்டுவந்தது சுவரில் இருக்கும் நரம்பை.

"கம்பெனில ஒருத்தன்கிட்ட வாய வுட்டுட்டேன்மா. 'மாமே, நரம்பா? போச்சு. இப்ப போய் கல்யாணம் பண்ணிகினு இன்னா பண்ணப் போற, கேரம் போர்டு ஆடப் போறியா?'ன்னான். எல்லாரும் சிரிச்சானுங்க. நானும் சிரிச்சேன். ஊட்டுக்கு வந்து போன்ல தேடிப் பாத்தேன். அதுல அதவிட மோசமா கீது."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேடா. நான் நர்ஸுடா."

"நீ அம்மாம்மா."

டாக்டர் உள்ளே படம் வரைந்து காட்டியிருக்கிறார். எந்த நரம்பு நசுங்கியிருக்கிறது, அது எங்கே போகிறது, அவன் பயந்த விஷயத்துக்குப் போகிற நரம்புகள் எவை, அவற்றுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று. எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். கடைசியில் தினேஷ், "அப்ப கேரம் போர்டு தேவையில்லயா சார்?" என்று கேட்டிருக்கிறான். நான் கேட்ட சிரிப்பு அதற்கு வந்தது.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. பல வாரம் சுமந்த பயம் உடம்பில் பழகிப்போயிருந்தது. நம் மனநல ஆலோசகரைச் சில தடவை போய்ப் பார்த்தான். நான் வெளியே இருந்தேன், யாரும் சொல்லாமலே. இடுப்பு வலி நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. உடற்பயிற்சியைத் திட்டிக்கொண்டே செய்கிறான். டாக்டர் இப்போதெல்லாம் 'நரம்பு வீக்' என்று சொல்வதில்லை. "கால் கட்டைவிரலுக்குப் போற வயர் கொஞ்சம் நசுங்கியிருக்கு" என்கிறார். படித்த டாக்டர் வயர் என்கிறாரே என்று நோயாளிகள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். நம் வாயிலிருந்து புறப்படுகிற சொல் எந்தச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, பக்கத்தில் யாரும் இல்லாதபோது "நான் சொன்னது உங்களுக்கு என்னன்னு புரிஞ்சுது?" என்று கேட்பதுதான்.

தினேஷ் தனியாகவே மாங்காட்டுக்குப் போனான். ரம்யாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான், சுவர் விளம்பரம் உட்பட. அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. காரணம் நரம்பு இல்லை. இத்தனை நாள் போனை எடுக்காமல் இருந்ததற்கான கோபம். மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

போன மாதம் நிச்சயதார்த்தம் நடந்தது. கல்யாணத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது தினேஷ் எழுந்து, "ஒரு விஷயம் சொல்லணும். என்னால ரொம்ப நேரம் மணையில சம்மணம் போட்டு உக்கார முடியாது. முதுகுல ஊசி போட்டுக்கிட்டிருக்கேன். எனக்கு ஒரு சேர் வேணும்" என்றான். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை தன் வாயால் உடம்புக் குறையைச் சொல்வதை நான் எங்கும் பார்த்ததில்லை. அவனுக்குப் பதில் நான் ஏதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என் கணவர் என் கையைப் பிடித்து அமர்த்தினார்.

ரம்யாவின் பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாப்ள மேல சேர்ல, பொண்ணு கீழ மணையிலன்னா நல்லாவா இருக்கும்? பாக்குறவங்க இன்னா சொல்வாங்க?"

உள்ளே அறைக் கதவோரம் நின்றிருந்த ரம்யா எட்டிப் பார்த்தாள்.

"நான் ஏன் பெரியப்பா கீழ உக்காரணும்? எனக்கும் ஒண்ணு போடச் சொல்லுங்க. அய்யருக்கும் வேணும்னா கேட்டுக்கோங்க, அவருக்கும் வயசாவுது."

கல்யாணம் அடுத்த மாதம். மூன்று சேர் சொல்லியாகிவிட்டது.